மாம்பழத் தோலை முயலுக்கு எப்படிக் கொடுப்பது?

கிருஷ்ணகிரி வட்டார மாங்கூழ் ஆலைகளில் சீசனுக்குச் சீசன் பெங்களூரா ரக மாம்பழத் தோல் மலையாகக் குவிகிறது. பழத்தின் எடையில் 15 முதல் 20 சதவீதம் தோல்தான். முயல் பண்ணைக்கு இது நல்ல தீவனம். ஆனால் மக்காச்சோளத்தைக் குறைத்து அந்த இடத்தில்தான் இதைச் சேர்க்க வேண்டும். புல்லில் கை வைக்கவே கூடாது.

காரணம் முயலின் குடலில் இருக்கிறது. சிறுகுடலைத் தாண்டியதும் சீகம் என்ற பெரிய பை. அங்குள்ள நுண்ணுயிரிகள் தோலிலுள்ள பெக்டின் என்ற கரையும் நாரை நன்றாக நொதிக்கவைக்கும். அந்த நுண்ணுயிரிகள் உண்டாக்கும் புரதத்தையும் பி வைட்டமின்களையும், சீகத்திலிருந்து வரும் மென்மையான புழுக்கையைத் திரும்பத் தின்று முயல் பெற்றுக்கொள்கிறது. ஆனால் பெக்டின் குடலைத் தள்ளி நகர்த்தாது. அதற்குப் புல்லின் முரட்டு நார் வேண்டும். நார் குறைந்து சர்க்கரை கூடினால் தீவனம் சீகத்திலேயே தேங்கும், கெட்ட பாக்டீரியா பெருகும், வயிறு உப்பும்.

தோலில் புரதமும் சொற்பம். அதனால் புல்லோடு சேர்த்துக் கொடுக்கும் சத்துக் கலவையான அடர்தீவனம் 100 கிலோவுக்கு இந்தக் கணக்கு பொருந்தும்: உலர்ந்த குதிரை மசால் (லூசர்ன் தீவனப்பயிர்) 35 கிலோ, கோதுமைத் தவிடு 20, காய்ந்த தோல்தூள் 15, சோயாப் புண்ணாக்கு 14, மக்காச்சோளம் 13, தாது உப்புக் கலவை 2.5, சாதா உப்பு அரை கிலோ. புரதம் ஏறக்குறைய 17 சதவீதமும் நார் 14 சதவீதமும் வரும். இரண்டு கிலோ முயலுக்கு நாளைக்கு 80 முதல் 100 கிராம் போதும். புல் எப்போதும் கூண்டில் இருக்கட்டும். பழைய தீவனத்தோடு சிறிது சிறிதாகக் கலந்து பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். எட்டு வாரம் ஆகாத குட்டிகளுக்கு வேண்டாம், அவற்றின் குடல் இன்னும் பக்குவப்படவில்லை.

பெரும்பாலும் கோட்டை விடுவது காயவைப்பதில்தான். ஈரத்தோல் ஒரே நாளில் புளித்துவிடும். ஆலையிலிருந்து அன்றே எடுத்துவந்து, விரலளவு நறுக்கி, தார்ப்பாயில் இரண்டு செ.மீ. கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, அடிக்கடி கிளறிவிட வேண்டும். 100 கிலோ ஈரத்தோலில் 20 முதல் 25 கிலோ தேறும். கையில் வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது, 'சடக்'கென்று ஒடிந்தால் அரைக்கலாம். கோடை மழையில் நனைந்து பூஞ்சை பிடித்த தோலை மறுபடி காயவைத்துப் பயனில்லை. பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு வெயிலுக்குப் போகாது, முயலின் ஈரலோ அதைத் தாங்காது. கொட்டையின் பருப்பையும் சேர்க்காதீர்கள், அதில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம்.

புழுக்கை சிறுத்தாலோ, சளி போல வழிந்தாலோ அடர்தீவனத்தை உடனே நிறுத்தி, காய்ந்த புல்லும் தண்ணீரும் மட்டும் வைத்துவிட்டு கால்நடை மருத்துவரை அழையுங்கள்.