கரை உடையும் கணத்தைக் கணக்கிடுதல்

டோகமாக் என்னும் அணுக்கரு இணைவுக் கலனுக்குள் ஹைட்ரஜனின் ஐசோடோப்புகள் பத்துக் கோடி டிகிரிக்கும் மேல் சூடேறி, மின்னூட்டத் துகள்களாகப் பிரிந்த வாயுவான பிளாஸ்மாவாகின்றன. எந்தச் சுவரும் தாங்காத அந்தப் பிளாஸ்மாவை, வடை போன்ற வளையத்தைச் சுற்றிக் கயிற்றுப் புரிபோல் முறுகி ஓடும் காந்தப்புலக் கோடுகளே பிடித்து வைக்கின்றன.

1982இல் ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் டோகமாக்கில் ஃப்ரீட்ரிஷ் வாக்னரும் அவருடைய குழுவினரும் பிளாஸ்மாவை மேலும் சூடாக்கியபோது, அதன் ஓரத்தில் திடீரென ஒரு தடுப்பு எழுந்து, வெப்பம் கசிவது வெகுவாகக் குறைந்தது. இணைவு ஆய்வுக்குக் கிடைத்த பெரும் பேறு அது. ஆனால் அதனுடன் ஒரு தொல்லையும் வந்தது. சில சென்டிமீட்டர் அகலத்துக்குள் அழுத்தம் செங்குத்தாக ஏறுவதால், நிரம்பிய ஏரியின் கரையைப் போல அந்த ஓரம் இறுகி நிற்கிறது. அழுத்தச் சரிவும் அங்கே ஓடும் மின்னோட்டமும் ஒரு வரம்பைத் தாண்டியதும் கரை உடைந்து, ஒரு மில்லிநொடிக்குள் வெப்பமும் துகள்களும் வெளியே பாய்கின்றன. பிறகு தடுப்பு மீண்டும் எழுகிறது, மீண்டும் உடைகிறது. இன்றைய கலன்கள் இதைத் தாங்கிக்கொள்கின்றன. பிரான்சில் கட்டப்பட்டுவரும் ஐடெர் போன்ற பெரிய கலனிலோ, இத்தகைய பாய்ச்சல்கள் தொடர்ந்தால் உட்சுவரின் டங்ஸ்டன் உருகித் தேய்ந்துவிடும். ஐடெர் அளவிலான பிளாஸ்மா இன்னும் எங்கும் இல்லாததால், அதில் என்ன நடக்கும் என்பதைக் கணினியில்தான் முன்கூட்டிப் பார்க்க முடியும்.

இங்கே முதல் தடை காலம். 5 டெஸ்லா புலத்தில் ஓர் எலக்ட்ரான் நொடிக்கு ஏறத்தாழ 14,000 கோடி முறை சுழல்கிறது; காந்த அலைகள் மைக்ரோநொடிக் கணக்கில் ஓடுகின்றன; தடுப்பு மீண்டும் எழவோ பல மில்லிநொடிகள் ஆகும். எல்லாவற்றையும் ஒரே கணக்கில் பின்தொடர இயலாது. ஆகவே ஜோரெக் போன்ற நிரல்கள் தனித்தனித் துகள்களை விட்டுவிட்டு, பிளாஸ்மாவை மின்னோட்டம் பாயும் ஒரு பாய்மமாக எடுத்துக்கொள்கின்றன. அப்போதும் வேகமான அலைகள் எஞ்சியிருப்பதால், ஒவ்வொரு காலப்படியிலும் மிகப்பெரிய சமன்பாட்டுத் தொகுதி ஒன்றை முழுமையாகத் தீர்த்து, அதன் பயனாகப் படியின் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறார்கள்.

இத்தகைய ஆய்வுகளில் நான் முதலில் பார்ப்பது மின்தடையின் மதிப்பைத்தான். உண்மையான பிளாஸ்மாவின் மின்தடை மிகச் சிறியது. அதை அப்படியே இட்டால் மின்னோட்டம் மெல்லிய ஏடுகளாகக் குவியும், அவற்றைப் பிடிக்கக் கணக்கீட்டு வலையை மிக நெருக்கமாக்க வேண்டும். அதனால் பல ஆண்டுகள் மின்தடையைக் கூட்டி வைத்தே கணக்கிட்டார்கள். அவ்வாறு கூட்டும்போது, கரையை உடைக்கும் நிலையின்மை வளரும் வேகமே மாறிவிடக்கூடும்.

கணக்கில் பிளாஸ்மாவின் ஓரத்தில் இடும் நுண்ணிய சலனம் முதலில் மடங்கு மடங்காக வளர்கிறது; பின்பு வெவ்வேறு அலைவடிவங்கள் ஒன்றோடொன்று பிணைந்து, காந்தக் கோடுகளின் போக்கிலேயே நீண்ட இழைகள் வெளியே பிதுங்குகின்றன. இங்கிலாந்தின் மாஸ்ட் கலனில் அதிவேகக் கேமரா எடுத்த படங்களிலும் பிளாஸ்மாவைச் சுற்றிச் சாய்ந்தோடும் அதே இழைகளைக் காணலாம். கணக்கின் மீது நம்பிக்கை பிறப்பது இந்த ஒப்பீட்டில்தான்.

ஏரிக்குக் கலிங்கு போல, மிகையான அழுத்தத்தை மெல்ல வடியவிடும் வழியும் உண்டு. சிறு சுருள்கள் உண்டாக்கும் பலவீனமான காந்தப்புலம் இந்த வெடிப்புகளை அடக்குவதை அமெரிக்காவின் டிஐஐஐ-டி டோகமாக் 2004இல் காட்டியது. ஆனால் சுழலும் பிளாஸ்மா அந்தப் புலத்தை எதிர்த்து மறைக்கவும் செய்கிறது, சில இடங்களில் பெருக்கவும் செய்கிறது. ஐடெருக்குள் பொருத்தத் திட்டமிட்ட 27 சுருள்களில் எதில் எவ்வளவு மின்னோட்டம் செலுத்துவது என்பதை, பிளாஸ்மாவின் இந்த எதிர்வினையையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டியிருக்கிறது.