கொள்முதல் நிலையத்து விலையும் ஜெனீவாக் கணக்கும்

நாற்பது கிலோ நெல் சிப்பம் ஆயிரம் ரூபாய். 2025-26 பருவத்தில் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் பொது ரகத்துக்கு உரிய விலையை இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம். குவிண்டாலுக்கு ஒன்றிய அரசின் ஆதரவு விலை 2,369 ரூபாய். அதனுடன் தமிழக அரசின் ஊக்கத்தொகை 131 சேர்ந்து 2,500. சன்ன ரகத்துக்கு 2,389-உடன் 156 சேர்ந்து 2,545. நாற்பது கிலோ சிப்பத்துக்கு 1,018 ரூபாய். வியாபாரி களத்துக்கே வந்து விலை பேசும்போது இந்த எண் மனத்தில் இருக்கட்டும்.

நிலையத்தில் சிட்டா (நில உரிமை விவரம்), அடங்கல் (நிலத்தில் யார், என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமப் பதிவு), ஆதார், வங்கிப் புத்தகம் கேட்பார்கள். பணம் வங்கிக் கணக்குக்குத்தான் வரும். குத்தகைக்காரர் சிக்கிக்கொள்வது அடங்கலில்தான்: பட்டா நிலக்காரர் பெயரில் இருக்கும், பயிர் இவருடையதாக இருக்கும். அறுவடைக்கு முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடியாளராகத் தன் பெயரைப் பதிந்துகொள்வது நல்லது. மூட்டைக்கு இவ்வளவு என்று கையில் தரவேண்டிய பணம் எதுவும் விதியில் இல்லை.

பெரிய தலைவலி ஈரப்பதம். வரம்பு 17 சதவீதம். குறுவை அறுவடை மழையோடு மோதுகிறது. இயந்திரம் அறுத்த நெல் ஈரமாகவே வந்து விழுகிறது. வரம்பைத் தளர்த்த ஒவ்வொரு முறையும் டெல்லியிடம் கேட்டுக் காத்திருக்க வேண்டும். அதற்குள் குவியலில் நெல் முளைத்துவிடுகிறது.

இந்த ஆதரவு விலைக்கு ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பிலும் ஒரு கணக்கு உண்டு. 1995 முதல் நடைமுறையில் உள்ள வேளாண் ஒப்பந்தத்தின்படி, வளரும் நாடு ஒரு பயிருக்குத் தரும் இத்தகைய ஆதரவு, அப்பயிரின் உற்பத்தி மதிப்பில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வேடிக்கை என்னவென்றால், இன்றைய கொள்முதல் விலையை 1986-88ஆம் ஆண்டுகளின் விலையோடு ஒப்பிட்டே அந்த ஆதரவைக் கணக்கிடுகிறார்கள். அன்றைய நெல் விலையை இன்றைய உரமூட்டை விலையோடு வைத்துப் பாருங்கள், இதன் நியாயம் புரியும்.

அந்தக் கணக்குப்படி 2018-19இல் இந்தியா அரிசியில் வரம்பைத் தாண்டியது. மற்ற நாடுகளின் வழக்கிலிருந்து காத்தது 2013இல் அந்த அமைப்பின் பாலி மாநாட்டில் கிடைத்த 'அமைதி விதி'. அதற்கும் நிபந்தனை உண்டு: அரசு இருப்பில் வாங்கிய தானியம் உலகச் சந்தையைக் குலைக்கக் கூடாது. அரிசி ஏற்றுமதியில் முதலிடத்தில் இருக்கும் இந்தியாவிடம் இதைத்தான் அமெரிக்காவும் தாய்லாந்தும் குடைந்து கேட்கின்றன. நிரந்தரத் தீர்வு வரும்வரை இந்த விதி நீடிக்கும் என்று 2014இல் முடிவானது. அந்தத் தீர்வு இன்னும் வரவில்லை.