அடிதடிக்கு அப்புறம்: தற்காப்பு என்று சொல்வதற்கு என்ன வேண்டும்?

"அவன்தான் முதலில் கை வைத்தான், நான் தடுத்தேன், அவ்வளவுதான்" என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டால் விஷயம் முடிந்துவிடும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். முடியாது. தற்காப்பு என்று சொல்லும்போதே "ஆமாம், அடித்தேன்" என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறீர்கள், அதனால் ஏன் அடிக்க வேண்டி வந்தது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் வந்து விழுகிறது.

முதலில் சட்டம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. பழைய 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் இப்போது 34 முதல் 44 வரை. உங்கள் உடலை மட்டுமல்ல, பக்கத்தில் அடிபடுகிற முன்பின் தெரியாத ஒருவரின் உடலைக் காப்பாற்றவும் இந்த உரிமை உண்டு, சொத்துக்கும் உண்டு. முதல் அடி விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை. ஆபத்து வரப்போகிறது என்று நியாயமான பயம் வந்தவுடனே உரிமை தொடங்கிவிடும், பயம் தீர்ந்தவுடனே முடிந்தும்விடும்.

பலர் மாட்டிக்கொள்வது இந்த முடிகிற இடத்தில்தான். ஒருவன் கட்டையோடு வருகிறான், நீங்கள் அதைப் பிடுங்கி ஒரு அடி கொடுத்துத் தள்ளிவிடுகிறீர்கள், சரி. அவன் திரும்பி ஓடும்போது துரத்திப்போய் முதுகில் இன்னும் நாலு வைத்தால் அது தற்காப்பு இல்லை, நீங்கள் செய்த குற்றம். தேவைக்கு மேல் காயப்படுத்தக் கூடாது, போலீஸைக் கூப்பிட அவகாசம் இருந்தால் கூப்பிட வேண்டும் என்று 37-ஆம் பிரிவு சொல்கிறது. அதற்காக ஒவ்வொரு அடியையும் தங்கத் தராசில் நிறுத்துப் பார்க்கவும் மாட்டார்கள். 2010-இல் தர்ஷன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது, தாக்கப்படுகிறவர் கோழையைப் போல ஓட வேண்டியதில்லை என்றும் சொன்னது. உயிர் போகும், கொடுங்காயம் ஏற்படும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்கொடுமை, கடத்தல், ஆசிட் வீச்சு போன்ற நிலைகளில் தாக்கியவர் உயிரே போனாலும் 38-ஆம் பிரிவு பாதுகாக்கிறது.

இப்போது முக்கியமான விஷயம். சண்டை முடிந்ததும் வீட்டுக்குப் போய், ரத்தக்கறை சட்டையைத் துவைத்துப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்ளாதீர்கள். அரசு மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே விபத்துப் பதிவேட்டில், யார், எத்தனை பேர், எந்தப் பொருளால் அடித்தார்கள் என்று டாக்டர் நீங்கள் சொல்வதை வைத்துத்தான் எழுதுவார். வெட்கப்பட்டோ, பிரச்சினை வேண்டாம் என்றோ "கீழே விழுந்துட்டேன் சார்" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரி பிறகு கோர்ட்டில் உங்களைக் கவிழ்த்துவிடும். முன்கையில் உள்ள கீறல், கட்டையைத் தடுத்தபோது விரலில் வந்த வீக்கம், எல்லாவற்றையும் காட்டி எழுத வையுங்கள். தடுத்தவனுக்குத்தான் அந்த இடங்களில் பெரும்பாலும் காயம் வரும். குற்றம் சாட்டப்பட்டவர் உடம்பில் இருந்த காயங்கள் எப்படி வந்தன என்று அரசுத் தரப்பு விளக்காமல் விட்டால் வழக்கே பலவீனமாகும், ஆனால் காயம் பதிவாகியிருந்தால்தானே அந்தக் கேள்வியே எழும்?

அடுத்து புகார். எதிராளி முதலில் போய்க் கொடுத்துவிட்டால் அவர் புகார்தாரர், நீங்கள் குற்றவாளி என்று பேச்சு ஆரம்பித்துவிடும். அவர் கொடுத்திருந்தாலும் நீங்களும் எழுதிக் கொடுங்கள், இரண்டு தரப்பிலும் வழக்கு போடுவது வழக்கம்தான். சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கு ஸ்டேஷனில் தரும் ரசீது, கேளுங்கள், எப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். பக்கத்தில் கேமரா இருந்தால் அந்த இடத்தைப் புகாரிலேயே குறிப்பிடுங்கள், பதிவுகள் நாளாக ஆக அழிந்துபோகும். கைகலப்பில் சாதாரணக் காயம் என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாத வகைக்குள் போய்விடும், அதனால் எப்.ஐ.ஆர். போடவில்லை என்றதும் பதறாதீர்கள், ரசீது கையில் இருக்கட்டும்.

விசாரணைக்குக் கூப்பிட்டால் போங்கள், மறைந்து திரிவது உங்களுக்கே எதிராகப் போகும். ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றம் என்றால் கைது தேவையா என்று யோசித்துவிட்டு, தேவையில்லை என்றால் குற்றவியல் நடைமுறைக்கான புதிய சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவின்படி நோட்டீஸ்தான் கொடுக்க வேண்டும். உங்களுக்கு எதிராக நீங்களே சாட்சி சொல்லும்படி யாரும் கட்டாயப்படுத்த முடியாது, அரசியலமைப்பின் 20(3) அது. விசாரணையின்போது எழுதும் வாக்குமூலத்தில் உங்கள் கையெழுத்தை வாங்கவும் சட்டத்தில் இடமில்லை. யார் முதலில் வந்தார், உங்களுக்கு எங்கே அடி, யார் பார்த்தார் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, மீதியை வக்கீலைப் பார்த்த பிறகு சொல்கிறேன் என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும்.

கோர்ட்டில் தற்காப்பை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றாலும், அரசுத் தரப்பைப் போல சந்தேகமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை, இப்படித்தான் நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். எதிர்த்தரப்பு சாட்சிகளின் வாயிலிருந்தே அது வெளியே வரலாம். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேளுங்கள், 15100 என்ற எண்ணில் கூப்பிடலாம். பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு.