ஈலியமும் மண்பானையும்

கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். பிசுக்குமை, அதாவது திரவம் பாய்வதைத் தடுக்கும் அதன் உள் உராய்வு, பற்றிய பாடம் வந்தால் ஒரு மண்பானையோடுதான் வகுப்புக்குப் போவேன். தண்ணீர் நிரப்பி வைத்தால் பானை வெளியே வியர்க்கும், ஆனால் ஒழுகாது. குழாயின் ஆரை பாதியானால் பாய்ச்சல் பதினாறில் ஒன்றாகிவிடும் என்ற புவசேயின் சூத்திரத்தை அதைக் காட்டித் தொடங்குவது சுலபம். களிமண் வயலில் தண்ணீர் நிற்பதையும் மணல் தரை அதைக் குடித்துவிடுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். துளை சிறுத்தால் ஓட்டம் தளரும் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

இம்முறை ஒரு மாணவன் கைபேசியில் பார்த்த காணொளியோடு வந்தான். “சேர், திரவ ஈலியம் எந்தச் சின்ன ஓட்டையாலயும் போயிடுமாம். அப்ப சூத்திரம் பிழையே?”

அவன் பார்த்தது பொய்யில்லை, பாதி உண்மை. மற்றப் பாதியையும் பிள்ளைகள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஈலியம் 4.2 கெல்வினில், அதாவது ஏறத்தாழ −269 பாகை செல்சியசில் திரவமாகும். அப்போது அதுவும் சாதாரணத் திரவம்தான். மிக நுண்ணிய துளைகள் கொண்ட, மெருகு பூசாத சுட்ட களிமண் தட்டை அடியாக வைத்த பாத்திரத்தில் ஊற்றினால் நிற்கும். 2.17 கெல்வினுக்குக் கீழே குளிர்த்தினால் அதே தட்டினூடாக ஒழுகத் தொடங்கும். தட்டு மாறவில்லை, துளையும் மாறவில்லை. உராய்வின்றிப் பாயும் இந்த மீப்பாய்வை 1938இல் மொஸ்கோவில் கபிட்சாவும், கேம்பிரிட்ஜில் அலனும் மிசெனரும் என்ற பௌதிகவியலாளர்கள் தனித்தனியே அறிவித்தார்கள்.

அந்தக் குளிரில் அணுக்கள் தனித்தனியே அலைவதை விட்டு, ஒரே குவாண்டம் நிலையில் சேர்ந்து நகரத் தொடங்குகின்றன. ஓர் அணுவை மட்டும் சுவர் தடுத்து அதன் சக்தியைப் பறிக்க முடியாது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டாத வரை உராய்வு இல்லை. ஆனால் திரவம் முழுவதும் ஒரேயடியாக இப்படி மாறுவதில்லை. 2.17 கெல்வினுக்குச் சற்றுக் கீழே பெரும்பகுதி பழைய பிசுக்குமையோடுதான் இருக்கும். அது துளையில் தங்கிவிட, மீப்பாய்மப் பகுதி மட்டும் நழுவிப் போகும். நழுவும் பகுதி வெப்பத்தைக் கொண்டுபோகாது, அதனால் பாத்திரத்தில் எஞ்சிய திரவம் சற்றுச் சூடாகும். எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இது.

சரி, எந்தச் சின்ன ஓட்டையாலும் போகுமா? அங்கேதான் காணொளி தவறவிட்டது. ஏறத்தாழ 7 நனோமீற்றர் (ஒரு நனோமீற்றர் மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு) அகலத் துளைகள் கொண்ட வைக்கோர் என்ற கண்ணாடிக்குள் ஈலியத்தை அடைத்தால், மீப்பாய்வு 2.17இல் வராது, 1.95 கெல்வின் அளவுக்கு இறங்க வேண்டும். துளை சிறுக்கச் சிறுக்க அந்த வெப்பநிலை இன்னும் கீழே போகும். 2.5 நனோமீற்றர் துளைகளில் யப்பானிய ஆய்வாளர்கள் 2004இல் அமுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள். ஏறத்தாழ 34 வளிமண்டல அமுக்கத்தில் அந்த வெப்பநிலை தனிப்பூச்சியத்துக்கே, அதாவது இதற்குக் கீழே குளிர்த்த முடியாத 0 கெல்வினுக்கே, இறங்கிவிட்டது. எவ்வளவு குளிர்த்தினாலும் அங்கே மீப்பாய்வு வராது.

ஆகவே பிள்ளைகளே, இப்படியான காணொளி பார்த்தால் இரண்டு இலக்கங்களைத் தேடுங்கள்: வெப்பநிலை எவ்வளவு, துளை எவ்வளவு? படிப்பிக்கும் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். புவசேயின் சூத்திரத்தை எழுதும்போது, அது சாதாரணத் திரவத்தின் சுழிப்பில்லாத, சீரான பாய்ச்சலுக்கு உரியது என்பதையும் பக்கத்தில் எழுதிவிடுங்கள். சூத்திரம் பிழையில்லை, அதன் எல்லைக்கு வெளியே ஈலியம் நிற்கிறது.

அந்த மாணவனையே கரும்பலகையில் கணக்குப் போட வைத்தேன். திரவ ஈலியத்தில் அணுவுக்கு அணு ஏறத்தாழ 0.36 நனோமீற்றர். 2.5 நனோமீற்றர் துளையின் குறுக்கே ஏழு அணுக்கள்தான் அடங்கும். சுவரோடு ஒட்டிய முதல் படை, சுவரின் ஈர்ப்பில் திண்மம்போல இறுகிவிடும், அது பாயாது. இரு பக்கமும் ஒவ்வொன்று கழித்தான். “மிச்சம் அஞ்சு, சேர்,” என்றான். கொஞ்சநேரம் பலகையையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, “சுவர் ரெண்டு படையைப் பிடிச்சா மூண்டுதானே?” என்று தானே கேட்டான்.