டூ ஃபார் ஒன்: இரண்டுக்கு ஒன்று

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில் (நம்மூர்க் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’) ஆட்ட அட்டவணை போடுகிறவர்களின் புழக்கச் சொல் இது. பெரிய பல்கலைக்கழகம் ஒன்று சிறியதுடன் மூன்று ஆட்டங்கள் பேசிக்கொள்கிறது: இரண்டு பெரியவரின் அரங்கில், ஒன்று சிறியவரின் ஊரில். ஆளுக்கு ஒன்று என்று சரிசமமாகப் பிரித்தால் அதற்குப் பெயர் ‘ஹோம் அண்ட் ஹோம்’.

நார்த் கரோலைனா பல்கலைக்கழகமும் அப்பலாச்சியன் ஸ்டேட்டும் 2019, 2023 ஆகிய ஆண்டுகளில் பெரியவரான நார்த் கரோலைனாவின் ஊர் சேப்பல் ஹில்லில் மோதின. இடையில் 2022இல் மட்டும் அப்பலாச்சியன் ஸ்டேட்டின் பூன் என்ற மலையூரில். முப்பதாயிரம் பேருக்கான அரங்கில் அன்று 40,168 பேர். கடைசிக் கால்பகுதியில் மட்டும் உள்ளூர் அணி 40 புள்ளிகள் குவித்தது. பெரிய அணி 63-61 என்று தப்பிப் பிழைத்தது.

சொந்த அரங்கின் டிக்கெட் வருமானத்தை விட்டுவிட்டுப் பெரிய அணிக்கு இந்த வம்பு எதற்கு? விடையை இன்னொரு சொல்லில் தேட வேண்டும்: ‘பை கேம்’. மறுவருகை தராமல், பணம் கொடுத்து மட்டும் சிறிய அணியை வரவழைக்கும் ஆட்டம். (அந்தப் ‘பை’க்கு வாங்குதல் என்று பொருள். தமிழ்க் காதில் பணப்பை என்று விழுந்தாலும் குற்றமில்லை.) 2006இல் பருவத்துக்கு 12 ஆட்டங்கள் என்பது நிலையானது. சொந்த அரங்கில் கூடுதல் ஆட்டம் வேண்டும் என்று எல்லாப் பெரிய அணிகளும் விருந்தாளியைத் தேட, விலை ஏறியது. 2007இல் அப்பலாச்சியன் ஸ்டேட்டை அழைக்க மிச்சிகன் தந்தது 4 லட்சம் டாலர். 2022இல் டெக்சஸ் ஏ அண்ட் எம் தந்தது 15 லட்சம். பணமும் கொடுத்து இருவருமே தோற்றார்கள் என்பது தனிக் கதை. ஒருமுறை நேரில் போய் ஆடிக் கொடுத்தால் இந்தச் செலவு குறையும்.

இன்னொரு காரணம், ஆள் சேர்ப்பு. வர்ஜீனியா டெக் நார்ஃபோக் நகருக்குப் போய் ஓல்ட் டொமினியனுடன் ஆடுகிறது. அந்தக் கடலோரப் பகுதி பள்ளி ஆட்டக்காரர்களின் விளைநிலம். ஆனால் ஆள் பிடிக்கப் போன இடத்தில் 2018இல் 49-35, 2022இல் 20-17 என்று இருமுறை அடிவாங்கித் திரும்பியது.

‘டூ ஃபார் ஒன்’ கடைத்தெருவிலும் புழங்கும் தொடர். அங்கே அது ஒன்றின் விலைக்கு இரண்டு என்ற தள்ளுபடி. ஆட்டக்களத்தில் தள்ளுபடி எதுவும் இல்லை; பண்டமாற்றுதான், அதுவும் ஏற்றத்தாழ்வான பண்டமாற்று. ஆகவே ‘ஒன்றுக்கு இரண்டு’ என்று எழுதினால் இலவசச் சலுகை போலத் தொனிக்கும். ‘இரண்டுக்கு ஒன்று’ என்பதே பொருந்தும்: நீ இரண்டு தடவை வா, நான் ஒரு தடவை வருகிறேன். ஹோம் அண்ட் ஹோமுக்கு ‘ஒன்றுக்கு ஒன்று’, பை கேமுக்கு ‘விலை ஆட்டம்’ என்று வைத்துக்கொள்ளலாம். ‘கூலி ஆட்டம்’ என்றும் சொல்லிப் பார்க்கலாம்தான்; டெக்சஸில் 17-14 என்று வென்ற அணியைக் கூலிக்கு வந்தவர்கள் என்பது எனக்கு ஒப்பவில்லை.