மரத்த பாதமும் தினசரி ஐந்து நிமிடமும்

சர்க்கரை நோய் வந்து பத்துப் பதினைந்து வருடம் ஆனவர்களில் சிலர், செருப்புக்குள் கிடக்கும் புளியங்கொட்டையோடு நாள் முழுக்க நடப்பார்கள். இரவில் செருப்பைக் கழற்றும்போது காலுறையில் ஈரம் தெரியும், அப்போதுதான் புண் இருப்பதே புரியும். அலட்சியம் என்று வீட்டில் திட்டு விழும். உண்மையில் அந்தக் கொட்டை இருக்கிறது என்று மூளைக்குச் சொல்ல வேண்டிய நரம்பு வேலை செய்யவில்லை.

முதுகுத்தண்டிலிருந்து கால்விரல் நுனி வரை போகும் நரம்பிழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். உடலின் மிக நீண்ட இழைகள் இவைதான். ரத்தத்தில் பல ஆண்டுகள் சர்க்கரை கூடுதலாக இருந்தால், அந்த நரம்புகளும் அவற்றுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்குழாய்களும் பழுதாகின்றன. நீளமானது முதலில் அடிபடும். அதனால் மரப்பு கால்விரலில் தொடங்கி மேலே ஏறும். முழங்காலை நெருங்கும் சமயத்தில்தான் பெரும்பாலும் கைவிரல்களைத் தொடும். முதலில் எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சின் மேல் நடப்பது போல் மதமதப்பு. பிறகு எரிச்சல் குறையும். ‘இப்போது பரவாயில்லை’ என்று நினைக்கத் தோன்றும் அந்தக் கட்டத்தில் நரம்பு இன்னும் மோசமாகியிருக்கவும் கூடும்.

போவது உணர்ச்சி மட்டுமல்ல. பாதத்தின் சின்னத் தசைகளை இயக்கும் நரம்புகள் தளர்வதால் விரல்கள் பறவையின் கால் நகம்போல் வளைகின்றன. விரல்களின் அடியிலுள்ள எலும்பு முனைகள் கீழ்நோக்கித் துருத்துகின்றன. அந்த இடத்தில் காய்ப்பு ஏறும். காய்ப்பு ஏற ஏற அதுவே செருப்புக்குள் கிடக்கும் கல் போல அழுத்தும். வியர்வையைக் கவனிக்கும் நரம்புகளும் போவதால் தோல் வறண்டு குதிகாலில் வெடிப்பு விழும். கிருமிக்கு அதுவே வாசல்.

இந்தக் கணக்கைப் புரியவைத்த வேலையில் பெரும்பகுதி நடந்தது வேலூரில், அதுவும் தொழுநோயாளிகளிடம். கொல்லிமலையில் 1914இல் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோய் சதையைத் தின்று விரலை உதிர்க்கிறது என்றே அன்று பலரும் நம்பினார்கள். அவரும் கூட இருந்தவர்களும் ஒவ்வொரு புண்ணாகத் தேடிப் போனபோது காரணங்கள் சாதாரணமாக இருந்தன: சூடான பாத்திரம், ஆணி, பொருந்தாத செருப்பு, இரவில் கடிக்கும் எலி. உணர்ச்சி இல்லாததால் காயம் மேல் காயம் விழுந்து விரல் குறுகியது. 1966இல் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனவர், சர்க்கரை நோயாளிகளின் பாதத்திலும் இதே கதைதான் என்று காட்டினார்.

அவர் அழுத்திச் சொன்ன ஒன்று பலருக்கும் தெரியாது. புண் வர ஆணி குத்த வேண்டியதில்லை. மிதமான அழுத்தம் ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான முறை விழுந்தால் போதும். நாளுக்கு 6,000 அடி நடந்தால் ஒவ்வொரு பாதமும் 3,000 முறை தரையில் பதிகிறது. உணர்ச்சி உள்ளவர், ஓரிடம் நோகத் தொடங்கியதும் தன்னையறியாமல் பாதத்தைச் சாய்த்து வைப்பார். மரத்தவர் கடைசி அடி வரை அதே இடத்தில்தான் மிதிப்பார். உள்ளே திசு கன்றி, சூடேறி, கடைசியில்தான் தோல் திறக்கிறது.

அந்தச் சூடுதான் நமக்குக் கிடைக்கும் முன்னறிவிப்பு. புறங்கையை இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தில் வைத்துப் பாருங்கள். அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் இன்னும் நல்லது: இரண்டு பாதங்களுக்கும் ஒரே இடத்தில் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபாடு அடுத்தடுத்து இரண்டு நாள் இருந்தால், நடையைக் குறைத்துவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பாதமே சிவந்து வீங்கிச் சூடாக இருந்து வலியும் பெரிதாக இல்லை என்றால் சுளுக்கு என்று தைலம் தேய்க்காதீர்கள். எலும்பும் மூட்டும் உள்ளே நொறுங்கிக்கொண்டிருக்கலாம். காலை ஊன்றாமல் அன்றே காட்ட வேண்டும்.

மரப்பு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணை மூடச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் பட்டும்படாமல் ஓரிரு நொடி தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ வருடவோ கூடாது. தெரிந்தால் வலது, இடது என்று அவர் சொல்லட்டும். ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தவறினால் உணர்ச்சி குறைந்திருக்கிறது. மருத்துவமனையில் 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையால் இதையே உறுதிசெய்வார்கள்.

தினசரி வேலை ஐந்து நிமிடம். இரவில், வெளிச்சத்தில், கைக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பாருங்கள்; கண் மங்கலானவருக்கு வீட்டில் ஒருவர் பார்க்கட்டும். விரலிடுக்கை விரித்துப் பார்க்காமல் விட்டால் பாதி வேலைதான் முடிந்தது, சேற்றுப்புண் ஒளிந்திருப்பது அங்கேதான். மெட்டி இறுகியிருக்கிறதா என்றும் பாருங்கள். கழுவியபின் இடுக்கை ஒற்றித் துடைத்து, குதிகாலுக்கும் பாதத்துக்கும் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். இடுக்கில் தடவினால் ஊறிப்போகும். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்ட வேண்டாம்.

கெடுவது பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான். கால் ஆணிக்குக் கடையில் விற்கும் கார்ன் கேப்பில் இருப்பது அமிலம். மரத்த காலில் நல்ல தோலையும் சேர்த்து அரிக்கும். காய்ப்பை பிளேடால் சீவுவதும் அப்படியே. கால் எரிகிறது என்று வெந்நீரில் வைத்துக் கொப்புளத்தோடு வருபவர்கள் உண்டு. தண்ணீரை முழங்கையால்தான் சோதிக்க வேண்டும், வேறொருவர் கையால் என்றால் இன்னும் நிச்சயம். வெயில் நேரத்துக் கோயில் பிரகாரம் இதே வேலையைச் செய்துவிடும். வேண்டுதல் இருந்தால் விடிகாலையில் போய்விடுங்கள்.

செருப்பில் எம்.சி.ஆர். என்கிற நுண்ணறை ரப்பர் உள்தளம் வேண்டும். விரலால் அழுத்தினால் அமுங்கி, விட்டதும் எழ வேண்டும். அமுங்கியபடியே கிடந்தால் ஆயுள் முடிந்தது. விரலிடுக்கில் மாட்டும் ஹவாய் வேண்டாம், பின்வார் உள்ளது வேண்டும். மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும்போது அளவு பாருங்கள். புதிதை முதல் நாள் அரைமணி நேரம் மட்டும் போட்டு, கழற்றி, சிவந்த இடம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒவ்வொரு முறையும் போடும் முன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கைவிட்டுத் துழாவுங்கள்.

சின்னப் புண்ணானாலும் சுத்தமான தண்ணீரில் கழுவி, துணிக்கட்டுப் போட்டு, 24 மணி நேரத்துக்குள் காட்டிவிட வேண்டும். மஞ்சள், காபித்தூள், பற்பசை எதுவும் வேண்டாம். மருத்துவர் பார்க்க வேண்டிய அடிப்பகுதியை அவை மூடிவிடும். அழுத்தத்தை விலக்காமல் மருந்து மட்டும் போட்டால் உள்ளங்கால் புண் ஆறாது, அதனால்தான் மாவுக்கட்டுப் போடுகிறார்கள். ஆறியபின்னும் ஓராண்டுக்குள் சுமார் 40 சதவீதம் பேருக்குப் புண் திரும்பி வருகிறது. கட்டைப் பிரித்த அன்று பழைய செருப்பையே மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவது அதற்கொரு காரணம். புதுச் செருப்பைக் கட்டுப் பிரிக்கும் முன்பே தைத்து வைத்திருக்க வேண்டும்.