பால்வாடியில் உங்கள் குழந்தைக்கு உள்ள உரிமை

ரேஷன் கார்டு இந்த ஊரில் இல்லை. வாடகை வீடு. குழந்தைக்கு ஆதார் எடுக்கவில்லை. அங்கன்வாடியில் சேர்ப்பார்களா?

சேர்க்க வேண்டும். ஆறு வயதுக்கு உட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் அங்கன்வாடி பொதுவானது. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பதை இதற்கு ஒரு தகுதியாகக் கேட்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2004 அக்டோபரிலேயே உத்தரவிட்டுவிட்டது. குழந்தையின் ஆதாரும் கட்டாயமில்லை, பதிவுக்குத் தாயின் ஆதார் போதும். வேலை தேடி வேறு மாநிலத்திலிருந்து வந்த குடும்பத்தின் பிள்ளைக்கும் இதே உரிமைதான். செங்கல் சூளையிலும் கட்டட வேலை நடக்கும் இடத்திலும் வளரும் குழந்தைகளுக்காகவே இதை முதலில் சொல்கிறேன். கேட்டால் கிடைக்காது என்று நினைத்து, கேட்காமலே இருந்துவிடுகிறவர்கள் அவர்கள்தான்.

பால்வாடி என்று நாம் இன்றும் சொல்லும் இந்த மையங்கள், 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுக்க 33 வட்டாரங்களில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வருபவை. இன்று தமிழ்நாட்டில் மட்டும் 54 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்கள் உள்ளன. துணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசி, உடல்நலப் பரிசோதனை, மேல் சிகிச்சைக்கு அனுப்புதல், தாய்க்கு ஊட்டச்சத்து ஆலோசனை என ஆறு சேவைகள். இந்த ஆறில் சோறு மட்டும்தான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. மற்ற ஐந்தையும் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது.

உணவு இன்று சட்டப்படியான உரிமை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு வயதுக்கேற்ற உணவை அங்கன்வாடி வழியாக இலவசமாகத் தரச் சொல்கிறது. கர்ப்பிணிக்கும், குழந்தை பிறந்து ஆறு மாதம் வரை தாய்க்கும் உணவு தரச் சொல்வது 4ஆம் பிரிவு. ஆண்டுக்கு 300 நாள் உணவு என்பது திட்டத்தின் கணக்கு. சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அளவையும் சொன்னது: குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும். மெலிந்துபோன குழந்தைக்கு அது போதாது என்பதால் 800 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 600 கலோரி, 18 முதல் 20 கிராம் புரதம். இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளையும் கணக்கில் எடுத்து 2023இல் இந்த அட்டவணையைத் திருத்தினார்கள்.

மூன்று வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு மையத்திலேயே சூடான உணவு. நம் மாநிலத்தில் இரண்டு வயது முடிந்ததுமே மையத்துக்கு அனுப்பலாம். அதற்குக் கீழே உள்ள குழந்தைக்கு வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவு.

இந்தச் சத்துமாவு பாக்கெட்டைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அது குழந்தையின் பெயரில் வீட்டுக்கு வருகிறது. வந்தபின் மூத்த பிள்ளைகளுக்கும் பங்கு போகிறது. சில வீடுகளில் மாட்டுக்கும் போகிறது. ஒரு மாதத்துக்குக் கணக்கிட்டது பத்து நாளில் தீர்ந்துவிடும். வீட்டாரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இல்லாத வீட்டில் எது வந்தாலும் பகிர்ந்துதான் உண்பார்கள். ஆனாலும் அந்த மாவு சேர வேண்டியது, ஆறு மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடையில் இருக்கும் அந்த ஒரு வயிற்றுக்குத்தான். உயரம் குன்றுவது பெரும்பாலும் இந்த வயதில்தான் நடக்கிறது. பின்னால் எவ்வளவு ஊட்டினாலும் அதை முழுவதுமாகச் சரிசெய்வது கடினம். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இந்தியாவில் 35.5 சதவீதம். தமிழ்நாட்டில் 25 சதவீதம், அதாவது நாலில் ஒரு குழந்தை.

எடை போடச் சொல்லிக் கேளுங்கள்

மாதம் ஒருமுறை குழந்தையை எடை போட்டுத் தாய் சேய் அட்டையில் உள்ள வளர்ச்சிக் கோட்டில் புள்ளி வைக்க வேண்டும். டீச்சர் வைத்த புள்ளியை நீங்களும் பாருங்கள். குழந்தை பச்சைப் பட்டையில், அதாவது வயதுக்கேற்ற எடையில், இருக்கிறது என்றதும் நிம்மதியாகி அட்டையை மூடிவிடாதீர்கள். கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதுதான் முக்கியம். இரண்டு மாதமாக எடை ஏறாமல் கோடு படுத்துக்கிடந்தால், பச்சையிலேயே இருந்தாலும் கவனிக்க வேண்டிய நேரம் அது. இந்தப் பாடத்தை நம் மாநிலம் வெகுமுன்பே கற்றது. 1980இல் மதுரை மாவட்டத்தில் தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தில், ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டு, எடை ஏறாத குழந்தையைக் கண்டுபிடித்துக் கூடுதல் உணவு கொடுத்தார்கள். குழந்தை எலும்பும் தோலுமாகும் வரை காத்திருக்கவில்லை.

மேல் கையின் நடுச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடும் ஊட்டக்குறைவு. உணவு மட்டும் கொடுத்து வீட்டில் வைத்திருக்கக் கூடாது, மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும். இப்படிப்பட்ட குழந்தைகளையும் அவர்களின் தாய்மார்களையும் தேடிக் கண்டுபிடித்துச் சிகிச்சையும் தனி ஊட்ட உணவும் தரத் தமிழ்நாடு அரசு 2022 மே மாதம் ‘ஊட்டச்சத்தை உறுதி செய்’ திட்டத்தைத் தொடங்கியது.

சோற்றோடு விளையாட்டும்

ஏழைக் குழந்தை வளர்ந்தபின்னும் ஏழையாகவே இருப்பதற்கும் இந்த மையத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர்களுக்கு இரண்டு ஊர்க் கதைகளைச் சொல்வேன்.

1969 முதல் 1977 வரை குவாத்தமாலாவில் சில கிராமங்களில் குழந்தைகளுக்குப் புரதம் நிறைந்த கஞ்சி கொடுத்தார்கள், வேறு சில கிராமங்களில் புரதம் இல்லாத ஒரு பானம். பிறந்தது முதல் இரண்டு வயது வரை கஞ்சி குடித்த ஆண் குழந்தைகள் பெரியவர்களானபோது, அவர்களின் சராசரிக் கூலி 46 சதவீதம் கூடுதலாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு குடித்தவர்களிடம் அந்தப் பலன் தெரியவில்லை.

அடுத்தது ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரம், 1986-87. உயரம் குன்றிய 129 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு உணவு மட்டும் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினரின் வீட்டுக்கு வாரந்தோறும் சுகாதார உதவியாளர் ஒருவர் போனார். கையால் செய்த பொம்மைகளை வைத்துக் குழந்தையோடு எப்படி விளையாடுவது, எப்படிப் பேசுவது என்று தாய்க்குக் காட்டிக்கொடுத்தார். இரண்டு ஆண்டு மட்டும்தான். இருபது ஆண்டு கழித்துப் பார்த்தபோது, விளையாட்டுப் பழக்கம் கிடைத்தவர்களின் சம்பாத்தியம் 25 சதவீதம் கூடியிருந்தது. உணவு மட்டும் பெற்றவர்களுக்கு அப்படிக் கூடவில்லை.

இரண்டும் முரண்படுவதுபோலத் தெரியலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. குன்றுவதற்கு முன்பே கிடைத்த கஞ்சி உதவியது. குன்றிய பிறகு, பேச்சும் விளையாட்டும் சேராமல் உணவால் மட்டும் ஈடுகட்ட முடியவில்லை.

அதனால்தான் பிறப்பு முதல் மூன்று வயது வரையுள்ள குழந்தைகளோடு விளையாடவும் பேசவும் ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியை மத்திய அரசு 2024இல் வெளியிட்டதை நான் பெரிதாக நினைக்கிறேன். டீச்சர் வீட்டுக்கு வரும்போது பெற்றோருக்குக் காட்ட வேண்டிய பயிற்சிகள் அதில் மாதவாரியாக இருக்கின்றன. மூன்று முதல் ஆறு வயதுக்கு ‘ஆதார்ஷிலா’ பாடத்திட்டம். உங்கள் டீச்சரிடம் கேளுங்கள்: “இந்த மாசம் என்ன விளையாட்டு டீச்சர், வீட்டுல நான் என்ன செய்யட்டும்?” ஒரே ஆள் சமையலையும் எடையையும் பதிவேட்டையும் செல்போன் செயலியையும் சேர்த்துச் சுமக்கிற இடங்களில், விளையாட்டுத்தான் முதலில் விட்டுப்போகிறது. பெற்றோர் கேட்டால் அதற்கும் நேரம் ஒதுக்குவார்கள்.

தாய்க்கு வரும் பணம்

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 4ஆம் பிரிவு தாய்க்கு 6,000 ரூபாய்க்குக் குறையாத மகப்பேறு உதவியும் தரச் சொல்கிறது. மத்திய அரசின் மாத்ரு வந்தனா திட்டத்தில் முதல் குழந்தைக்கு 5,000, இரண்டாவது குழந்தை பெண்ணானால் 6,000. தமிழ்நாட்டில் ஏழைக் கர்ப்பிணிகளுக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, இரண்டு பிரசவங்கள் வரை, ஒவ்வொன்றுக்கும் 18,000 ரூபாய். அதில் 14,000 ரொக்கம், மீதி 4,000க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். கர்ப்பம் தெரிந்ததும் 12 வாரத்துக்குள் கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் என்ற கர்ப்பிணிப் பதிவு எண்ணை வாங்கிவிடுங்கள். தாமதமானால் தவணை தள்ளிப்போகும்.

கிடைக்காவிட்டால்

முதலில் மையத்திலேயே பேசுங்கள். பொருள் வராமல் டீச்சரே தவித்துக்கொண்டிருக்கலாம். அடுத்து மேற்பார்வையாளர், வட்டாரக் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலர். அங்கும் நடக்காவிட்டால், திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் எழுத்தில் மனு கொடுத்து ரசீது வாங்குங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டத்தில் ஒரு குறைதீர்ப்பு அலுவலர் உண்டு, அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம். உணவு தராத நாட்களுக்கு உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைக் கேட்கவும் 8ஆம் பிரிவு இடம் தருகிறது.

உங்கள் குடியிருப்பில் மையமே இல்லையா? ஆறு வயதுக்கு உட்பட்ட 40 குழந்தைகள் இருந்தாலே போதும், கேட்ட மூன்று மாதத்துக்குள் மையம் திறக்க வேண்டும் என்பது 2006 டிசம்பர் 13ஆம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் பெயர், வயது, பெற்றோர் கையெழுத்து எல்லாவற்றையும் ஒரே தாளில் எழுதி, தேதி போட்டு, உத்தரவின் தேதியையும் குறிப்பிட்டுத் திட்ட அலுவலரிடம் கொடுங்கள். மூன்று மாதக் கணக்கு நீங்கள் கேட்ட நாளிலிருந்துதான் தொடங்குகிறது.